ரன் என்ற சொல்லுக்கு உதாரண வாக்கியங்கள்

சைக்கிள் சங்கிலி மறுபடியும் கழன்றுகொண்டது. ஸ்மிலியா அப்போது ஆற்றங்கரை மேட்டின்மேல், ஊருக்கும் பம்பு ரூமுக்கும் நடுவில் இருந்தாள். குதித்து இறங்கி, மண்டிபோட்டு, சங்கிலியைப் பல்சக்கரத்தில் ஏற்றப் பார்த்தாள். அது வழுக்கி வழுக்கி விழுந்தது. போட்டிக்கென்று அம்மா காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையின் கையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. ஏறு, ஏறித் தொலை, என்று சங்கிலியைக் கெஞ்சினாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துவைத்திருந்தாள். பார்த்தால் கால் ஓடாது. அம்மா எவ்வளவு நேரம் அந்த மனிதரைப் பிடித்து வைத்திருப்பாள்? அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகன் எப்படி இருக்கிறான், கடிதம் வந்ததா, சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று எத்தனை கேள்விதான் கேட்க முடியும்? ஒரு கட்டத்தில் அவர் கையை உதறிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். ஜீப்புக்குச் சங்கிலி கிடையாது.

சங்கிலி ஏறியது. அவள் மிதித்தாள். நவம்பர் மழையில் ஊறிய மண், சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. இடதுபக்கம் டிஸா ஆறு சத்தமில்லாமல் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. வலதுபக்கம் மக்காச்சோளம் அறுத்த வயல்கள். எதிரே, நெட்டிலிங்க மரங்களுக்குப் பின்னால், பம்பு ரூமின் ஓட்டுக் கூரை இன்னும் கண்ணுக்குப் படவில்லை. அங்கேதான் அவளுடைய அண்ணன் கோய்கோ, இரண்டு மாதமாக, இரும்புக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான். அவன் அங்கே இருப்பது ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு, ஸ்மிலியாவுக்கு, சாவியைக் கொடுத்த பம்புக்காரர் இஷ்த்வான் மாமாவுக்கு. அம்மா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாவதாக ஒருத்திக்குத் தெரியும். அந்த நாலாவது ஆள்தான் சற்று முன்னால், கலாசார மன்றத்து மேடையில், விளக்கு வெளிச்சத்தில், தலைவாரிப் பின்னிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொன்னாள். ஒரு தடவை இங்கிலீஷில். ஒரு தடவை எல்லோருக்கும் புரியும்படி.

அந்தப் போட்டி அப்படித்தான் நடக்கும். வருடா வருடம் பள்ளிக்கூடம் நடத்துவது. ஆனால் ஊரே வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை கோழி சூப் குடித்துவிட்டு வேறெங்கே போவது? இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மன்றத்தில் நாலைந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். முந்தி ஒரு வருடம் பிள்ளைகள் இங்கிலீஷிலேயே பேசி முடித்து இறங்கியபோது, இறைச்சிக்கடைக்காரர் எழுந்து நின்று, 'எங்களைக் கூப்பிட்டு உட்காரவைச்சுத் திட்டிட்டுப் போறீங்களா?' என்று கேட்டாராம். அதிலிருந்து விதி மாறியது. துணித்தொப்பியிலிருந்து ஒரு சொல்லை எடுப்பார்கள். அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் ஒவ்வொரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அந்த வாக்கியத்தை ஊர் பேசுகிற நம் மொழியிலும் சொல்ல வேண்டும். நம் மொழியில் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது. அப்பா அம்மாக்கள் கைதட்ட வேண்டுமே.

எல்லோரும் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். ரன். ஒலிவேரா டீச்சர் அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுவாள். 'பாருங்க பிள்ளைங்களா. கல்யாணம்னா கால் பக்கம். சாவுன்னா அரைப் பக்கம். இந்தக் குட்டி வார்த்தைக்கு மட்டும் பக்கம் பக்கமா வைச்சிருக்கான்.' ஆறு போனாலும் ரன். மூக்கு ஒழுகினாலும் ரன். சட்டையில் சாயம் போனாலும் ரன், நைலான் காலுறையில் இழை விட்டுப் போனாலும் ரன். கடை நடத்தினால், தேர்தலில் நின்றால், வழுக்கை பரம்பரையாக வந்தால், சர்க்கரை தீர்ந்துபோனால், எல்லாம் அதுவேதான். நம் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையிலிருந்து நழுவியது.

ஒரு வழி கண்டுபிடித்தவள் ஸ்மிலியாதான். செப்டம்பரில், இதே கரைமேட்டில், பள்ளி விட்டு அவளும் துன்யாவும் நடந்துபோனபோது. துன்யா பேக்கரிக்காரர் மகள். அவள்மேல் எப்போதும் ஈஸ்ட் வாசம் அடிக்கும். முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே ஜலதோஷம். 'பொய்யா வாக்கியம் சொன்னா மறந்துபோகுது துன்யா,' என்றாள் ஸ்மிலியா. 'ஜான் இஸ் ரன்னிங்னு சொன்னா எந்த ஜானு? எனக்கு எந்த ஜானையும் தெரியாது. நிஜத்தைச் சொல்லிப் பார்ப்போம். நம்ம வீட்டு நிஜம். அது எங்க மறக்கும்?'

'அப்போ என் அப்பா?'

'பேக்கரி நடத்துறாரு.'

'வழுக்கை?'

'உங்க வம்சத்துல வழிவழியா வருது. உனக்கும் வரும்.'

துன்யா அவளைப் பிடித்து வயலுக்குள் தள்ளிவிட்டாள். விழுந்து எழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு நிஜமாகவே ஏழெட்டுப் பொருள் மனதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம். டீச்சரின் காலுறை இழை விட்டது, அதுவும் இரண்டு காலிலும். நோவி சாத் நகரத்துக்குப் போகிற பஸ் மழை பெய்தால் ஓடாது. இறைச்சிக்கடைக்காரர் நகரசபைத் தேர்தலில் நின்று தன் சொந்த ஓட்டு மட்டும் வாங்கினார். விளையாட்டுப்போல ஆரம்பித்தது, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் இறங்கியது. வேலிப்பக்கம் இருந்த நிஜங்கள் தீர்ந்துபோனால், பீரோவுக்குள் இருக்கிற நிஜங்களைத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் எடுத்தவள் துன்யா. படகுத்துறைக் கட்டையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: 'என் அம்மா ஓடிப்போயிட்டா.' ஊரைப் பொறுத்தவரை துன்யாவின் அம்மா எல்லை தாண்டி டிரியெஸ்தேயில் ஹோட்டல் வேலையில் இருக்கிறாள். ஜீன்ஸ் வாங்கப் பஸ் ஏறிப் போனவள் திரும்பிவரும் பஸ்ஸில் ஏறவில்லை என்பது, பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்து நின்ற எட்டு வயதுத் துன்யாவுக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஸ்மிலியாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன் நெஞ்சைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், நாம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று இருந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் வாய்க்குக் காவல் ஏது?

'எங்க அண்ணனும்தான்,' என்றாள்.

அது அப்படித்தான் வெளியே வந்தது. டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை. ஆகஸ்டில் கோய்கோவைப் பட்டாளத்துக்குக் கூட்டிப்போனார்கள். செப்டம்பரில் மூன்று நாள் லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. வந்த நாளில் அம்மா மீன்சூப் வைத்தாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் மீன் தலையைப் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனான். சண்டையில் என்ன பார்த்தான் என்று அவன் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பையன்கள் அப்போது வீட்டில் தூங்குவதில்லை. திராட்சைத் தோட்டத்துக் குடிசை, அத்தை வீட்டுப் பரண், பன்றிப் பட்டி. பட்டாளத்துக் காகிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். ஆளே கிடைக்காவிட்டால் காகிதம் வெறும் காகிதம். அதனால் எல்லா அம்மாக்களும் கதவைத் திறந்து ஒரே பதிலைச் சொன்னார்கள்: 'வியன்னாவுக்குப் போயிட்டான், மாமா வீட்டுக்கு.' காகிதத்தோடு வருகிறவர் மிலோராத். முன்பு மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது சீருடை. 'இந்த ஊருக்கு வியன்னாவுல எத்தனை மாமாடியம்மா,' என்பார். சிரிக்கமாட்டார். அவருடைய ஒரே மகனை முதல் லாரியிலேயே ஏற்றிவிட்டார்கள். அவர்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

துன்யா கேட்டுக்கொண்டாள். பிறகு ஸ்மிலியாவின் தோளில் கைபோட்டாள். 'என் வாயில போட்டது கிணத்துல போட்டதுடீ,' என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போட்டிக்கு நாள் நெருங்க நெருங்க, அண்ணனும் ரன்னுக்குள் வந்துவிட்டான். என் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓடிப்போனான். அவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. அவன் படுத்திருக்கும் இடத்தில் ராத்திரி பூரா பம்பு ஓடுகிறது, தூங்க முடியவில்லை. அவனுக்கு சிகரெட் தீர்ந்துபோச்சு. பாதை நெட்டிலிங்க மரங்களுக்குள் புகுந்து போகிறது. நான் வியாழக்கிழமை தோறும் அவனுக்காக ஓடியாடுகிறேன். எல்லாமே ரன். அத்தனையும் மறக்கவே மறக்காத வாக்கியங்கள். சொல்லும்போது ஸ்மிலியாவுக்கு பயமாகவும் இருந்தது, பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்த பேச்சை, திறந்தவெளியில், யாருக்கும் புரியாத மொழியில், உரக்கச் சொல்ல முடிந்தது. ஆற்றைப் பார்த்துக் கத்திக்கூடச் சொன்னாள் ஒருநாள். எருமைகள் நிமிர்ந்து பார்த்தன.

மேடைக்கு வேறு வாக்கியம் என்று பேசிவைத்திருந்தார்கள். அண்ணன் வரும் இடத்திலெல்லாம் பூனை. பூனை ஓடிப்போனது, பூனைக்குக் காய்ச்சல். 'பூனைக்கு சிகரெட் தீர்ந்துபோச்சுன்னா டீச்சர் மயங்கி விழுந்துடுவா,' என்றாள் துன்யா. அதை மட்டும் சர்க்கரை என்று மாற்றிக்கொண்டார்கள்.

தொப்பிக்குள் கைவிட்டவர் தலைமையாசிரியர். காகிதத்தைப் பிரித்ததும் ஒலிவேரா டீச்சர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டதைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரன். மன்றத்தில் யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையில், சீருடையில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு மிலோராத் உட்கார்ந்திருந்தார். அந்த இலையுதிர்காலத்தில் எந்த விழாவானாலும் முன்வரிசையில் ஒரு சீருடைக்கு இடம் போட்டுவைப்பார்கள். அம்மா நாலாவது வரிசையில், மடியில் கசகசா ரொட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மகள் ஜெயித்தாலும் தோற்றாலும் டீச்சருக்குக் கொடுக்க.

ஸ்மிலியா முதலில் ஏறினாள். ஆறு, மூக்கு, காலுறை, சாயம், பஸ். மன்றம் சிரித்தது, அவளுக்கும் தைரியம் வந்தது. பிறகு பூனையைக் கூப்பிட்டாள். பூனை வரவில்லை. பூனை என்று வாயைத் திறந்தால் உள்ளே இரும்புக் கட்டில் தெரிந்தது, அடுப்பில் எரியாமல் புகைகிற ஈரக்கட்டை தெரிந்தது. அந்த வாக்கியங்கள் எல்லாம் அண்ணனோடு ஒட்டிக்கிடந்தன. ஒன்றை இழுத்தால் அவனும் சேர்ந்து வந்துவிடுவான். அவள் முன்வரிசைச் சீருடையின் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தாள். 'அவ்வளவுதான் டீச்சர்,' என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அம்மா கைதட்டினாள். அம்மாவுக்கு மட்டும்தான் கைவலிக்கிற மாதிரித் தட்டத் தெரியும்.

அடுத்து துன்யா. முதல் பரிசு, இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் ஒரு மாதம். ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சாப்பிட்டு. 'ஒரு மாசம் போனா போதும்,' என்று துன்யா சொல்லியிருந்தாள், 'அப்புறம் நான் பார்த்துக்கறேன்.' என்ன பார்த்துக்கொள்வாள் என்று ஸ்மிலியா கேட்டதில்லை.

ஆறு, மூக்கு, காலுறை. துன்யாவுக்கு மேடை பயமில்லை. கடையில் வரிசையாக நிற்கிற ஊரையே அதட்டி வளர்ந்தவள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, ரொட்டியை எடுத்து நீட்டுவதுபோல நம் மொழியில் நீட்டினாள். பின்வரிசையிலிருந்து இறைச்சிக்கடைக்காரர், 'அவனுங்களுக்கு வேற வார்த்தை வாங்கக் காசில்லையா?' என்று கத்தினார். மன்றம் சிரிப்பில் அதிர்ந்தது. துன்யா அவரைப் பார்த்து, அவர் தேர்தலில் நின்ற கதையையே அடுத்த வாக்கியமாகச் சொன்னாள். மறுபடி சிரிப்பு. மேசையில் இருந்த தாளின் கட்டங்களில் டீச்சர் குறித்துக்கொண்டே வந்தாள். போன வருடம் ஜெயித்தவனின் எண்ணிக்கையைத் துன்யா நெருங்கிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருமுறை திணறினாள். கண்ணை மூடினாள். திறந்தபோது முகம் வேறாக இருந்தது.

'என் அம்மா ஓடிப்போயிட்டா,' என்றாள், நம் மொழியில்.

சிரிப்பு அப்படியே நின்றது. பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். ஸ்மிலியா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். தன்னுடையதை விற்றுவிட்டாள், இனி எதை விற்கமாட்டாள்? துன்யா கூட்டத்தில் தேடி ஸ்மிலியாவைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்மிலியா தலையை ஆட்டினாள். வேண்டாம். தெளிவாக, இரண்டு தடவை. துன்யா அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று அவள் நாளைக்குச் சொன்னால் அது பொய். பார்த்தாள்.

'ஒரு பையன் பட்டாளத்திலிருந்து ஓடிப்போனான்.'

அண்ணன் என்று சொல்லவில்லை. ஒரு பையன் என்று மாற்றிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தாளோ என்னவோ. பூனை எங்கே போனது? காய்ச்சல் அடிக்கிறது என்றாள். ராத்திரி பூரா பம்பு ஓடுகிறது என்றாள். பாதை நெட்டிலிங்க மரங்களுக்குள் போகிறது என்றாள். ஒவ்வொன்றும் முழுசாக, சுத்தமாக, உச்சரிப்புப் பிசகாமல். இந்த ஊருக்கு ஒரே ஒரு பம்பு ரூம்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டீச்சரின் பேனா ஒரு கட்டத்தை நிரப்பியது. பாவம், அவளுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரிந்தது. மிலோராத் முழங்கால்மேல் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மன்றத்துக்குள் யாரும் தொப்பி போடுவதில்லை.

அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள். மகளின் சிநேகிதி ஆயிற்றே. பம்பு என்ற இடத்தில் அவள் கை ஒன்றின்மேல் ஒன்று படாமல் நின்றது. அவள் துன்யாவைப் பார்க்கவில்லை, சீருடையைப் பார்க்கவில்லை. திரும்பி ஸ்மிலியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, ரொட்டியைத் தூக்கிக்கொண்டு, கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு முன்வரிசைப் பக்கம் போனாள். ஸ்மிலியாவைத் தாண்டும்போது ஒரே ஒரு சொல் சொன்னாள்.

'சைக்கிள்.'

ஸ்மிலியா மன்றத்துக் கதவைத் தாண்டும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. அவள் ஒருநாளும் பேசாத இனிமையில். 'மிலோராத் அண்ணே, நில்லுங்க, ஒரு துண்டு சாப்பிட்டுட்டுப் போங்க. பையன்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?'

நெட்டிலிங்க மரங்கள் வந்தன. ஸ்மிலியா சைக்கிளை ஓட்டத்திலேயே கீழே போட்டுவிட்டு ஓடினாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிலத்தின் வழியாகக் காலில் ஏறியது. கதவைத் தட்ட வேண்டிய முறை ஒன்று உண்டு, அது மறந்துவிட்டது. இரண்டு கையாலும் அறைந்தாள்.

கோய்கோ கதவைத் திறந்தபோது கையில் கத்தி இருந்தது. உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்திருக்கிறான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு ஊதிப்போய்த் தெரிந்தான். 'என்ன சுண்டெலி, இன்னைக்கு வியாழக்கிழமையா?' என்றான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. 'அம்மாவுக்கு என்ன?'

'அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. மிலோராத் வராரு. அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. கிளம்பு அண்ணா, கிளம்பு.'

அவன் பதறவில்லை. பதற்றமெல்லாம் எங்கேயோ முன்பே செலவாகிவிட்ட மாதிரி, கத்தியைத் துடைத்து வைத்தான். பூட்ஸை இழுத்துக் கட்டிலில் உட்கார்ந்தான். 'யாரு சொன்னா?'

'துன்யா. மேடையில. போட்டியில சொல்லிட்டா. நான் வேணாம்னு தலையாட்டினேன், பார்த்தா, பார்த்துட்டே சொன்னா...'

'துன்யாவுக்கு யாரு சொன்னா?'

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்மிலியா வாயைத் திறந்தாள். இங்கே வரும் வழி முழுக்க அவள் துன்யாவைத் திட்டிக்கொண்டே வந்திருந்தாள். பாவி, துரோகி, பேக்கரி நாய். அந்தத் திட்டுகளெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டன. அவள் சொன்னாள். நிஜமான வாக்கியம்தான் மறக்காது என்பதை, படகுத்துறையை, துன்யாவின் அம்மாவை. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

கோய்கோ பூட்ஸ் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை. 'ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காகவா?' என்றான்.

'அண்ணா...'

'பட்டாளத்துல ஒருத்தன் என்னைக் காட்டிக்கொடுத்தான். அவனை அடிச்சாங்க, கொடுத்தான். அது எனக்குப் புரிஞ்சுது.' அவன் மற்றக் காலை எடுத்தான். 'உன்னை யாரு அடிச்சா?'

எழுந்து கோட்டை மாட்டினான், ரொட்டித் துண்டைக் கோட்டுப் பைக்குள் திணித்தான். உருளைக்கிழங்கை, பாதி தோல் உரித்தபடி, தண்ணீரில் போட்டான். ஏன் அதைப் போட்டான்? யார் வந்து வேகவைக்கப் போகிறார்கள்? பம்பு ரூமின் பின்னால் இஷ்த்வான் மாமாவின் தட்டைப் படகு புல்லில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைப் புரட்டித் தண்ணீருக்கு இழுத்தார்கள். அவன் இருமினான். காய்ச்சல் சூடு அவன் உடம்பிலிருந்து அவள் பக்கம் அடித்தது. எதிர்க்கரையில் வில்லோ மரங்கள், அதற்குப் பின்னால் இருட்டு கட்டிக்கொண்டு வந்தது.

'எங்க போறே?'

'உனக்குத் தெரிய வேணாம்.'

'நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா. அம்மா மேல.'

'போன தடவையும் அம்மா மேலதான் சொன்னே.'

அவன் குரல் உயரவேயில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் கோபத்தில் அவளுடைய பொம்மையைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கத்தினானே, அந்த மாதிரி. அவன் துடுப்பைக் கரையில் ஊன்றித் தள்ளினான். படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் திரும்புவான், கையை ஆட்டுவான், சுண்டெலி என்று ஏதாவது சொல்வான் என்று அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவன் முதுகு மட்டும்தான் சிறிதாகிக்கொண்டே போனது. நீரோட்டம் படகைக் கீழே இழுத்தது, அவன் இழுத்துப் பிடித்தான், மறுபடி இழுத்தது. நடுஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு இருமினான். அந்த இருமல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு அவளிடம் வந்து சேர்ந்தது. இன்னும் எதிர்க்கரையைத் தொடவில்லை. இங்கிருந்து யார் பார்த்தாலும் தெரியும், வெளிறிய தண்ணீரில் கறுப்பாக.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் கேட்டது. பம்பு இல்லை, வேறு.

அவள் மேட்டில் ஏறினாள். ஈரப் பாவாடை காலைச் சுற்றிக்கொண்டது. ஊர்ப்பக்கம், கரைமேட்டின் வளைவில், இரண்டு விளக்குகள் சேற்றில் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தன. ஜீப். அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த விளக்குகளுக்கு முன்னால், வெளிச்சத்துக்குள்ளேயே, ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. இருக்கையில் உட்காராமல் எழுந்து நின்று மிதித்தாள் அதில் வந்தவள். வெள்ளைச் சட்டை. பின்னல் அவிழ்ந்து காற்றில் பறந்தது. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை மேலே உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் என்னவோ கத்தினாள். காற்றும் பம்பும் ஜீப்பும் அதைத் தின்றுவிட்டன. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. துன்யா.

ஸ்மிலியா ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். படகு இன்னும் அங்கேதான். பாதையைப் பார்த்தாள். சைக்கிளுக்கும் ஜீப்புக்கும் இடையில் தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஜீப் நினைத்தால் ஒரே அழுத்தில் அவளைத் தாண்டிவிடலாம். ஏன் தாண்டவில்லை? மேடு குறுகலாக இருப்பதாலா? துன்யா நடுப்பாதையில் மறித்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் வந்து எச்சரித்துவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து மிதிக்கிறாளா? இல்லை, நெட்டிலிங்க மரங்களுக்குள் பாதை எங்கே திரும்புகிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டு வருகிறாளா?